பூனைக்கு வாந்தி, கழிச்சலா? மாட்டு மருந்தை அரைத்துக் கொடுக்காதீர்கள்

மக்காச்சோள மூட்டைகள் களத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டால், கீரனூர்ப் பக்கம் பெரும்பாலான தோட்டத்து வீடுகளில் பூனைக்கும் வேலை வந்துவிடும். மூட்டையைக் கடிக்கும் எலியை விரட்ட அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. ஆனால் மாட்டுக்கு ஒன்றென்றால் மருந்தகத்துக்கு ஓடுகிற நாம், பூனைக்கு ஒன்றென்றால் கையில் கிடைத்ததைக் கொடுத்துப் பார்க்கிறோம். இதனால் வரும் கெடுதல் நோயை விடப் பெரிதாக இருக்கிறது.

அந்தப் பகுதி விவசாயி ஒருவர், மக்காச்சோளப் படைப்புழுவுக்கு மருந்து கேட்டு என்னை அழைத்தார். பேசி முடித்த பிறகு, "சார், ஒரு பூனை விஷயம், கேட்கலாங்களா?" என்று தயங்கினார். பூனைக்கு இரண்டு நாளாகக் கழிச்சல். மாட்டுக்குக் கழிச்சல் வந்தபோது கேட்டு குணம் கண்ட மூலிகை மருந்தையே அரைத்து, அளவைக் குறைத்துப் பூனைக்கும் ஊட்டியிருக்கிறார். கழிச்சல் நின்றது. நான்காம் நாள் பூனை எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது, சிறுநீர் காப்பி நிறத்தில் போனது. உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். பூனை பிழைத்துக்கொண்டது, ஆனால் தேறி வரப் பல நாள் ஆனது.

நான் வேளாண்மை படித்தவன், கால்நடை மருத்துவன் அல்ல. அதனால் அன்றைக்கு நடந்ததைக் கால்நடைத் துறை நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

சின்ன வெங்காயம் செய்த வேலை

மாட்டுக் கழிச்சலுக்கான மூலிகைக் கலவை நம் விவசாயிகள் பலருக்கும் மனப்பாடம். சீரகம், வெந்தயம், மிளகு, கசகசா, மஞ்சள், பெருங்காயம் இவற்றை வறுத்து இடித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, பனைவெல்லம் சேர்த்து அரைத்துக் கொடுப்போம். மாட்டுக்கு அது நல்ல மருந்து. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பூனைக்கு மட்டும் வெங்காயமும் பூண்டும் விஷம். அவற்றில் உள்ள கந்தகப் பொருள்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போதும், ரத்தம் கெட ஆரம்பித்துவிடும். மூன்று கிலோ பூனைக்கு அது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பூண்டு இதைவிடக் காட்டமானது. பச்சையாகக் கொடுத்தாலும் வதக்கிக் கொடுத்தாலும் குழம்பில் கரைந்திருந்தாலும் விளைவு ஒன்றுதான். அன்றே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிவதால், வெங்காயத்தின் மீது யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. திண்டுக்கல் சந்தையையும் நம் சமையலறையையும் நடத்துகிற சின்ன வெங்காயம் பூனைக்கு ஆகாது என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

இன்னொன்று, நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரை. பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பெரிய பூனையையும் கொன்றுவிடும். பாதி, கால் என்று உடைத்துக் கொடுப்பதும் ஆபத்துதான். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. நமக்குக் கழிச்சலை நிறுத்தும் லோபிரமைடு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் பூனைக்குக் கொடுக்கவே கூடாது.

மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைப் பூனை மேல் தடவுகிறவர்களும் உண்டு. பூனை அதை நக்கிவிட்டு எச்சில் ஒழுகி, வாந்தியெடுத்து, உடல் நடுங்கும். அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுகிறோம்.

மாடு 300, 400 கிலோ, பூனை 3, 4 கிலோ. அளவை நூற்றில் ஒன்றாகக் குறைத்தால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடக் கூடாது. பூனையின் உடம்பே வேறு.

எப்போது வீட்டில் பார்க்கலாம், எப்போது கூடாது?

வளர்ந்த பூனை ஒன்றிரண்டு முறை வாந்தி எடுத்தது, அல்லது ஒரு நாள் கழிச்சல் போனது, ஆனால் சுறுசுறுப்பாக இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் வீட்டிலேயே கவனிக்கலாம். உடம்பை நக்கும்போது உள்ளே போன முடியை அவ்வப்போது கக்குவதும், அருகம்புல்லைத் தின்று வாந்தியெடுப்பதும் வழக்கமானவை. களைக்கொல்லி அடித்த வரப்புப் புல்லாக இருந்தால் மட்டும் அப்படி விட முடியாது.

திரும்பத் திரும்ப வாந்தி, கழிச்சலில் ரத்தம், மலம் தார் போல் கறுப்பாக இருப்பது, வயிறு உப்பி வலிப்பது, நடுக்கம், ஈறு வெளுப்பது, மூலையில் போய் ஒடுங்குவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். குட்டி என்றால் அரை நாள் கூடப் பார்க்காதீர்கள். குட்டியின் உடம்பில் நீர் வற்ற நேரம் ஆகாது.

நீர் வற்றியதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இரண்டு தோள்களுக்கு நடுவில் தோலை மெதுவாகத் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. கூடாரம் போல நின்று மெல்ல இறங்கினால் நீர் குறைந்துவிட்டது. ஈறைத் தொட்டால் வழவழப்பாக இருக்க வேண்டும், பிசுபிசுவென்று ஒட்டக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, வழக்கமில்லாமல் சீறுகிறது அல்லது தள்ளாடுகிறது என்றால் தொண்டையில் முள் என்று நினைத்து வாய்க்குள் விரலை விடாதீர்கள். அது வெறிநோயாகவும் இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும்.

என்ன கொடுக்கலாம்?

முதலில் பாலை நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்க முடியாது. கறந்த பாலில் ஒரு கிண்ணம் பூனைக்கு வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஓயாத கழிச்சலுக்குச் சில வீடுகளில் அந்தக் கிண்ணமே காரணம். பாலை நிறுத்தியதும் வேறு மருந்தில்லாமல் சரியாகும் பூனைகள் உண்டு.

அடுத்தது தண்ணீர். நல்ல உடம்புடன் இருக்கும்போதே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி நீர் பூனைக்குத் தேவை. மூன்று கிலோ பூனைக்கு 150 மில்லி, ஒரு டம்ளர் அளவு. கழிச்சலில் இதைவிடக் கூடுதலாக வேண்டும். வாந்தி நின்று இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் வையுங்கள். தங்கினால் கால் மணிக்கு ஒரு தேக்கரண்டி என்று கூட்டிக்கொண்டு போகலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக வைக்கலாம். பல பூனைகள் அதை முகர்ந்துவிட்டுப் போய்விடும். அப்போது உப்பு, மசாலா, வெங்காயம் எதுவும் போடாமல் கோழிக்கறியை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துக் கொடுங்கள், குடித்துவிடும். அண்ணாந்து பிடித்துக் குடங்கையால் ஊற்றாதீர்கள். நீர் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாய் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம், விழுங்க நேரம் கொடுத்து.

சாப்பாட்டுக்கு எலும்பும் தோலும் இல்லாத கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, பிய்த்து, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை ஒரு கரண்டி வீதம் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். மலம் கட்டியான பிறகு இரண்டு மூன்று நாளில் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கலாம்.

"வயிறு காயட்டும், பட்டினி போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பூனைக்கு இது பொருந்தாது. இரண்டு மூன்று நாள் எதுவும் தின்னாமல் இருந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனைகளில், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ப் படிந்து கல்லீரல் செயலிழக்கும். ஒரு முழு நாள் தின்னவில்லை என்றாலே மருத்துவரைக் கேளுங்கள்.

முக்கினால் மலச்சிக்கல் என்று முடிவு செய்யாதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கடுவன் பூனை அடிக்கடி குந்தி முக்குகிறது, கத்துகிறது, குறியை நக்குகிறது, ஆனால் ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. வாந்தியும் எடுக்கும், அதனால் வயிற்று நோய் என்று விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் பூனை செத்துவிடும். சில மணி நேரமாக ஒரு சொட்டும் வரவில்லை என்றால் இரவானாலும் கிளம்பிவிட வேண்டிய நோய் இது.

பூ கட்டுகிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மல்லிகை கட்டும் நூலைப் பூனை விளையாட்டாக விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அது கத்தி போலக் குடலை அறுக்கும். அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள்.

எலி மருந்து

மூட்டைக்காகப் பூனையும் வளர்க்கிறோம், மருந்தும் வைக்கிறோம். இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ள முடியாது. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பைன் என்ற விஷவாயுவாக மாறும். சில மணி நேரத்தில் வாந்தி, மூச்சுத்திணறல். வாந்தியில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை அடிக்கும். குனிந்து முகராதீர்கள், கதவு சன்னலைத் திறந்துவிடுங்கள். பாலோ முட்டையோ புளித்தண்ணீரோ கொடுக்க வேண்டாம். வாகனத்தில் கொண்டுபோகும்போதும் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

புரோமடியலோன் கட்டி வேறு மாதிரி. அதைத் தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு விஷம் ஏறலாம். மூன்று நான்கு நாள் கழித்து மூக்கிலும் மலத்திலும் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் காப்பாற்றிவிடலாம். மருந்து வைக்கிற நாட்களில் பூனையைக் கட்டிவைத்து, செத்த எலிகளைத் தினமும் பொறுக்கிப் புதையுங்கள்.

புழுவும் தொற்றும்

வாந்தியிலோ மலத்திலோ சேமியா போன்ற வெள்ளைப் புழு தெரிந்தால் உருண்டைப்புழு. எலி பிடிக்கும் பூனைக்கு வெள்ளரி விதை போன்ற துண்டுகளாக நாடாப்புழுவும் வரும். எடை பார்த்து மாத்திரை கேட்டு வாங்குங்கள். ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தை ஊற்ற வேண்டாம்.

குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக வாந்தி, கழிச்சலில் சாகிறது என்றால் அது பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் தொற்றாக இருக்கலாம். எட்டு ஒன்பது வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்ததைப் போட்டால் தடுக்கலாம். இந்த வைரஸ் ஓராண்டு வரைகூட அந்த இடத்தில் உயிரோடு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு, வீட்டு பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.

பூனை மலத்தைத் தினமும் அள்ளிப் புதைப்பதில் ஆட்டுக்காரர்களுக்கும் லாபம் இருக்கிறது. எலி தின்னும் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி முட்டை வரலாம். அது வெளியே வந்து குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் தொற்றும் நிலைக்கு வரும், அதற்குள் அள்ளிவிட்டால் கவலையில்லை. அந்த மலம் தீவனத்தில் கலந்தால் சினை ஆடு கன்று வீசிவிடும். அடர்தீவன மூட்டையையும் தட்டைப்போரையும் மூடி வையுங்கள். கர்ப்பிணிகள் அந்த மலத்தை அள்ள வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால், கீரனூர், பழனி சுற்றுப்புறத்தினருக்கு உடுமலைப்பேட்டை பண்ணைக்கிணற்றில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது. போவதற்கு முன் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

பூனையைச் சாக்கில் கட்டித் தூக்காதீர்கள், மூச்சு முட்டும். மூடியுள்ள மூங்கில் கூடையோ, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ போதும், உள்ளே பழைய துணி ஒன்று. எப்போதிருந்து வாந்தி, எத்தனை தடவை, என்ன தின்றது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாந்தியை அல்லது மலத்தைக் கொஞ்சம் டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். எலி மருந்து என்று சந்தேகமிருந்தால் வாந்தியைத் தொட வேண்டாம், மருந்தின் அட்டையை மட்டும் எடுங்கள். வீட்டில் ஏதாவது அரைத்துக் கொடுத்திருந்தால், திட்டுவாரோ என்று மறைக்காமல் அதையும் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அந்த விவசாயி வெங்காயத்தைச் சொன்னதால்தான் மருத்துவருக்கு ரத்தச்சோகையின் காரணம் உடனே பிடிபட்டது.