வரையாடு பார்க்க எந்த மாசம் போகணும்?

வரையாடு நம் மாநில விலங்கு. பரீட்சையில் ஒரு மார்க், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். அதற்காக ஒரு மலையையே மூடி வைக்கிறார்கள், தெரியுமா?

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. ஆனைமுடி (2,695 மீட்டர்) அங்கேதான். மழைக்காலத்தில் ஜோடி சேரும் வரையாடு, ஆறு மாதம் கழித்து ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். பெரும்பாலும் ஒரே குட்டிதான். ஆட்கள் கூச்சல் போட்டால் தாய் மிரண்டு பாறை மேல் தாவிவிடும். அதன் குளம்பின் ஓரம் கெட்டி, நடுவில் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும், வழுக்கவே வழுக்காது! ஆனால் தாயைப் பிரிந்த குட்டி செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் சுலபமான இரை. அதனால்தான் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடுவது.

அந்த மாதங்களில் புல்லும் காய்ந்து கிடக்கும். 2018 மார்ச் 11-ல் நம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போ நான் சின்னப் பிள்ளை. அம்மா டிவி முன்னால் அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு.

டிசம்பரில் புல் பச்சையாக இருக்கும், குளிர் மட்டும்தான், ஸ்வெட்டர் போதும். நம்ம ஸ்கூல் டூர் பிப்ரவரியில் மூணாறுக்கு என்று பேசிக்கிறாங்க. டீச்சர், டிசம்பரிலேயே கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்!