கேட்டுக் காத்திருந்த 29 ஆண்டுகள்

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியபோது, எம் முன்னோர் தம் ஆலயங்களையும் குருக்களையும் இழந்தனர். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை என அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. அச்சத்தினால் ஒல்லாந்தரின் கோவிலுக்குச் சென்று வந்தோரும் பலர். ஆயினும், கதவை அடைத்துவிட்டு வீட்டுக்குள்ளே முழந்தாளிட்டுச் செபித்த குடும்பங்கள் இருந்தன. ஒரு குருவானவரைத் தந்தருளும் என்பதைவிட வேறெதனை அவர்கள் உருக்கமாகக் கேட்டிருப்பர்?

29 ஆண்டுகள் எவரும் வரவில்லை. அக்காலத்தில் பிறந்த குழந்தை திருப்பலியைக் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, தன் பிள்ளைக்கும் செபம் சொல்லிக் கொடுத்திருக்கும். பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் இன்றியே முதியோர் கண்மூடினர்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். குருவுக்குரிய அங்கி இல்லை. கூலியாளின் உடை, வெறுங்கால். போதாததற்குக் கடும் வயிற்றுளைவு. ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்பர். தேறியபின் கழுத்தில் செபமாலையை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். எவருடைய கண் அந்தச் செபமாலையில் நிலைக்கிறது என்று பார்ப்பதற்கே அவ்வாறு செய்தார். குருவுக்காக மாலையில் மன்றாடிவிட்டு, காலையில் அந்தப் பிச்சைக்காரரை விரட்டிய வீடும் இருந்திருக்கக்கூடும்! கண்டுகொண்டவர்கள் அவரைச் சில்லாலையில் மறைத்துக் காத்தனர். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

செபம் கேட்கப்படும் என்று கூறும்போது, பதிலைக் காணாது இறந்தோரை நாம் மறந்துவிடலாகாது. 1995 சனவரி 21இல் வாஸ் அடிகளார் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு யூலை 9இல், நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களும் செபித்தவர்களே. அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், வாஸ் அடிகளாரின் வரலாற்றைச் சொல்லி வாயடைக்க முயல்வது அன்பாகாது. குருவைக் காணாமலே இறந்த அந்த முதியோரைப் பற்றி வேண்டுமானால் அவளோடு பேசலாம். அவர்களும் கேட்டார்கள், கிடைக்கவில்லை, செபமாலையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். 1687இல் வாசலில் நின்றவரின் கழுத்தைக் கவனித்தவர்கள் அந்தப் பிள்ளைகளாய் இருக்கலாம்.

நவாலியில் ஒவ்வோர் ஆண்டும் யூலை 9இல் மக்கள் கூடி, இறந்தோருக்காக மன்றாடுகின்றனர்.