கவுண்டருக்கு முன்னால் கூட்டம் கூடும்போது

நீங்கள் பேங்கில் போடும் பணம் பேங்கில் இருப்பதில்லை. சர்வீஸ் முழுக்க கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பெரும்பகுதி யாருக்கோ வீட்டுக் கடனாகவோ விசைத்தறிக் கடனாகவோ போயிருக்கும். அதில் தப்பில்லை, பேங்க் நடப்பதே அப்படித்தான். ஆனால் போட்டவர்கள் எல்லோரும் ஒரே காலையில் வந்து நின்றால் எவ்வளவு நல்ல பேங்கும் தாங்காது. அந்தக் கூட்டத்தை மேனேஜர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கலைக்க முடியாது. அரசாங்கம் பொறுப்பேற்றால்தான் கலையும்.

அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பென்ஷன்காரர்களின் சேமிப்பெல்லாம் அதில்தான் கிடந்தது. முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது, போட்டவர்களுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை. அந்த வேதனையிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முயன்று 1907-இல் இந்தியன் பேங்க் பிறந்தது.

1960-இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் பேங்க் விழுந்தது. அதற்குப் பிறகுதான் டெல்லி விழித்தது. 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது. பேங்க் மூழ்கினால் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை நிச்சயம். பிரீமியத்தை பேங்க்தான் கட்டும், நாம் கட்டுவதில்லை.

அந்த வரம்பு மெல்ல மெல்ல உயர்ந்து 1993-இல் ஒரு லட்சமானது. பிறகு 2020 வரை அங்கேயே நின்றது. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, வரம்பு மட்டும் நகரவில்லை. ரிட்டயர்மென்ட் பணம் மொத்தத்தையும் எஃப்.டி. போட வருகிறவரிடம் இந்த ஒரு லட்சத்தைச் சொல்லவே எனக்குக் கூசும்.

2019 செப்டம்பரில் மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்கள். அடுத்த பிப்ரவரியில் வரம்பு ஐந்து லட்சமானது. பேங்க் முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் இன்சூரன்ஸ் பணம் கைக்கு வரவேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2021-இல் வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ அழவேண்டியிருந்தது.

சீக்கிரம் கை கொடுத்தால் என்ன ஆகும் என்பதை கரூரின் லட்சுமி விலாஸ் பேங்கில் பார்த்தோம். 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு. 27-ஆம் தேதி அது டி.பி.எஸ். பேங்க் இந்தியாவோடு இணைந்துவிட்டது, தடையும் நீங்கியது. டெபாசிட் போட்டவர் யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கோ ஒன்றும் மிஞ்சவில்லை. பங்கு என்றால் நஷ்டத்திலும் பங்குதான், தெரியும். ஆனாலும் சொந்த ஊர் பேங்க் என்று நம்பிப் பரம்பரையாக அதை வைத்திருந்தவர்களை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து லட்சம் என்பது ஒரு பேங்கில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து. நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டதற்கு இந்த இன்சூரன்ஸ் கிடையாது. நிதி கம்பெனிகளில் போட்டதற்கும் கிடையாது. நம் ஊரில் நகை விற்ற காசும் நெல் விற்ற காசும் அங்கேதானே அதிகம் போகிறது? அங்கே டெபாசிட் ரசீது எழுதும் மேஜைக்கு மேலே, "இந்தப் பணத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை" என்று பெரிய தமிழ் எழுத்தில் பலகை மாட்ட அரசாங்கம் உத்தரவு போடவேண்டும். அடுத்த சங்கம் முடங்கும்வரை காத்திருக்கக்கூடாது.