கொட்டாவிக்கு டானிக் கேட்டு வராதீர்கள்

"டாக்டரம்மா, கொட்டாவி நிக்கவே மாட்டேங்குது. ரத்தம் கம்மியா இருக்கும், ஒரு டானிக் எழுதுங்க." திருவொற்றியூரில் என் கிளினிக்கில் இதைக் கேட்காத வாரமில்லை. கேட்பவர்கள் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள், மணலிப் பக்கம் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், காசிமேட்டில் விடியுமுன் படகேறுபவர்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றால் மட்டும் பதில் வராது.

காற்றுமில்லை, கண்ணேறுமில்லை

மூளைக்குக் காற்று பத்தாமல் கொட்டாவி வருவதாக எனக்கும் பள்ளியில் சொன்னார்கள். அமெரிக்காவில் ராபர்ட் புரோவைன் என்ற ஆய்வாளர் 1987-இல் இதைச் சோதித்தார். சுத்த ஆக்சிஜன் கொடுத்தும் கொட்டாவி குறையவில்லை; கரியமில வாயுவைக் கூட்டியபோது மூச்சுதான் வேகமானது. மூளைச் சூட்டைத் தணிக்கவே கொட்டாவி என்பது ஆண்ட்ரூ கேலப் என்ற இன்னோர் ஆய்வாளரின் கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

சுற்றிப் போடும் ஆயா கொட்டாவி விட்டால் பிள்ளைக்குப் பலத்த கண்ணேறு என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை விட்டது ஆயாவுக்கு ஒட்டியிருக்கும். பார்த்தால் ஒட்டும், கேட்டால் ஒட்டும், இதைப் படித்தாலும் ஒட்டும். வயிற்றிலிருக்கும் சிசுவே கொட்டாவி விடுகிறது. பிறரிடமிருந்து தொற்றுவதோ பெரும்பாலும் நாலைந்து வயதுக்குமேல்தான். அடுத்தவர் மனதை உணர்வதோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்கிறார்கள். தொற்றாதவர் கல்நெஞ்சர் என்று சண்டைக்குப் போகாதீர்கள். சுற்றிப் போடுவதையும் நான் தடுக்கவில்லை. வீசிங் உள்ள பிள்ளைக்கு மிளகாய்ப் புகை மட்டும் வேண்டாம்.

மாத்திரையும் மாவாவும்

சளிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தை இழுப்பவை. அதைப் போட்டுக்கொண்டே ஸ்டியரிங் பிடிப்பது, கண் சொருகினால் கடைவாயில் மாவா என்ற புகையிலைப் பாக்கை அடக்குவது. வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியவர் ஒருநாள் வந்து, கொட்டாவி விடக்கூட வாய் திறக்கவில்லை என்கிறார். கன்னத்தின் உட்புறம் வெளுத்து இறுகிக் கிடக்கிறது. அது புற்றுநோய்க்கு முந்தைய படியாகலாம். இரண்டு விரல் நுழையாத வாயோடு வந்து, "லேட்டா வந்துட்டேனா டாக்டர்?" என்றால் நான் என்ன சொல்வது?

எப்போது வர வேண்டும்

நன்றாகத் தூங்கியும் கொட்டாவி நிற்காதவர்கள், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுபவர்கள் வாருங்கள். தேவையான பரிசோதனையை எழுதித் தருகிறோம். கொட்டாவியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, முகக் கோணல், கை தளர்வு இருந்தால் என்னிடம் வேண்டாம், நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தம்பிங்களா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கொட்டாவி அடுக்கடுக்காக வந்தால் பாட்டைச் சத்தமாக வைத்துச் சமாளிக்காதீர்கள். வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, டீயைக் குடித்துவிட்டு, இருபது நிமிஷம் படுங்கள். எழும்போது டீயும் வேலையைக் காட்டும். டிரிப் போய்விடும் என்பது தெரியும். முதலாளி கேட்டால் சீட்டு எழுதித் தருகிறேன், ஃபீஸ் வேண்டாம்.