எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடி

1967-ல் ராணுவம் நடத்திய கருத்தரங்கு ஒன்றுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார் புளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச். பக்கத்தில் இருந்தவர் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்க ராணுவ அதிகாரி. கதிர்வீச்சைத் தாங்கும் பொருட்களைச் செய்கிற உங்களால், மனித உடம்பில் நிலைக்கும் பொருளைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். உயிர்வினைக் கண்ணாடி பிறக்கக் காரணமே இந்தக் கேள்விதான்.

அன்றைக்கு உடம்புக்குள் வைத்த உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து அவற்றை ஒதுக்கிவைத்தது. எலும்பின் தாதுவே கால்சியமும் பாஸ்பேட்டும்தானே, அவற்றைக் கண்ணாடியில் கலந்தால் என்ன என்று யோசித்தார் ஹென்ச். 1969-ல் ஒரு கலவை தயாரானது. எடைக்கணக்கில் சிலிக்கா 45 சதவீதம், சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் ஆக்சைடு 6. எலிகளின் தொடை எலும்பில் அதைப் பொருத்தினார் அறுவை மருத்துவர் டெட் கிரீன்லீ. ஆறு வாரம் கழித்து இழுத்தும் தள்ளியும் பார்த்தார், அசையவில்லை.

காரணம், அந்தக் கண்ணாடி கரைகிறது. உடல் திரவம் பட்டதும் சோடியம் வெளியேறுகிறது. மேற்பரப்பில் கூழ்போன்ற சிலிக்கா படலம் உண்டாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் தாதுவை ஒத்த படிகமாகின்றன. எலும்பு செல்கள் அதைத் தம் இடமாகவே எடுத்துக்கொள்கின்றன.

இன்று பல்கூச்சத்துக்கான சில பற்பசைகளில்கூட இதன் பொடி இருக்கிறது. பின்லாந்தில் உருவான இன்னொரு வகை, சீழ் பிடித்த எலும்புக் குழிகளை நிரப்புகிறது; சுற்றிலும் காரத்தன்மையைக் கூட்டிக் கிருமிகளை ஒடுக்குகிறது. சிலிக்காவுக்குப் பதில் போரானைச் சேர்த்து அமெரிக்காவில் பஞ்சுமிட்டாய்போல நூற்ற கண்ணாடி இழையை, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணில் வைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கண்ணாடிகள் எளிதில் நொறுங்குபவை. உடல் எடையைத் தாங்கும் இடத்தில் தனியாக வைக்க முடியாது.

புற்றுநோய்க்கு வந்தால் கணக்கே தலைகீழ். மிசௌரியில் டெல்பர்ட் டே குழு கல்லீரல் புற்றுநோய்க்காக உருவாக்கிய, இட்ரியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடி மணிகள் கரையவே கூடாது. குறுக்களவு 20 முதல் 30 மைக்ரான். அணு உலையில் நியூட்ரான் பட்டதும் அவற்றிலுள்ள இட்ரியம் கதிரியக்கம் பெறுகிறது. கல்லீரலின் நல்ல பகுதிக்குப் பெரும்பாலான ரத்தம் போர்ட்டல் சிரை வழியே வர, கட்டியோ தமனியை நம்பியிருக்கிறது. தமனிக்குள் செலுத்தும் மணிகள் கட்டியின் நுண்குழாய்களில் சிக்கி, சராசரியாக 2.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கே கதிரைப் பாய்ச்சுகின்றன. 64 மணி நேரத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகக் குறையும். 1999 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ள இந்தச் சிகிச்சை, கல்லீரல் புற்றுநோய்க்கு 2021-ல் முழு அனுமதி பெற்றது.

இரண்டு வழிகளையும் சேர்க்கும் முயற்சி இப்போது பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. உயிர்வினைக் கண்ணாடியில் காலியம் என்ற உலோகத்தைக் கலந்திருக்கிறார்கள். எலும்புப் புற்றுச் செல்கள் அதை விழுங்கி மடிகின்றன; நல்ல செல்கள் தப்புகின்றன. கட்டியை அகற்றிய குழியில் இதை நிரப்பினால், மிச்சமிருக்கும் புற்றுச் செல்களையும் அழித்து எலும்பையும் வளர்க்கலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இதுவரை வந்திருப்பது ஆய்வகச் செல்களில் கண்ட முடிவுதான்.