கையில் தொழில் இருக்கு, பெர்மிட் இருக்கா?

என் மாமா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். லயத்தை விட்டு வெளியேறியபோது அவரிடம் இருந்தது ஒரு பைப் ரெஞ்சும் பழைய மோட்டார் சைக்கிளும்தான். சுங்கைப்பட்டாணியில் தாமான்கள் எழும்பிய காலம் அது. முப்பது ஆண்டுகள் குழாய் வேலை செய்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

சென்ற ஆண்டு புதுக் கடைவீடுகளின் வேலை ஒன்று வந்தது. குத்தகையாளர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, பெர்மிட் இருக்கா?" இல்லை. வேலை பெர்மிட் உள்ள வேறொருவருக்குப் போனது. அவரிடமே மாமா நாள் கூலிக்குப் போய் அதே குழாய்களை மாட்டினார். "சமைச்சது நான், பரிமாறுனது அவன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

குத்தகையாளர் கேட்டதில் தவறில்லை. முன்பு குடிநீர் விவகாரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் (சட்டம் 655) 2008 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குழாய்ப் பணியாளருக்கு அனுமதி தருவது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். கெடாவில் நமக்குத் தண்ணீர் தருவது சாடா நிறுவனம்.

இதற்கு ஏன் சட்டம் என்று கேட்கலாம். சிலர் தண்ணீர் வேகமாக வர, பொதுக் குழாயிலேயே நேரடியாகப் பம்ப் மாட்டிவிடுகிறார்கள். அது உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். கசியும் இணைப்புகள் வழியே மண்ணிலுள்ள அழுக்கு நீர் உள்ளே நுழையும். ஒரு வீட்டுத் தவறு, தெருவுக்கே வயிற்று வலி.

வீட்டுக்காரர்களுக்கும் கடமை உண்டு. மீட்டரைத் தாண்டிய குழாய் உங்கள் பொறுப்பு. கசிந்தால் பில் உங்களுக்குத்தான் வரும். வீட்டுக்கு வயரிங் செய்ய வருபவரிடம் சான்றிதழ் கேட்கிறோம் அல்லவா? புதுக் குழாய் இணைப்புக்கு வருபவரிடமும் பெர்மிட்டைக் கேளுங்கள். பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அனுபவம் உண்டு, பள்ளிச் சான்றிதழ் இல்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை 'பிபிடி' என்ற முறையில், வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்கேஎம் வழங்குகிறது. செய்த வேலைகளின் படங்கள், ஆவணங்கள், வேலை கொடுத்தவர்களின் உறுதிக் கடிதங்கள் ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் அதைச் சரிபார்ப்பார். எஸ்கேஎம் மட்டுமே பெர்மிட் ஆகிவிடாது. உங்கள் வேலைக்கு எந்தச் சான்றிதழ் ஏற்கப்படும் என்பதை ஸ்பானிடம் முதலில் கேட்டுவிட்டுக் கோப்பைத் தொடங்குங்கள்.

தடை திறமையில் இல்லை, பாரங்களில்தான். எல்லாம் மலாயில் இருக்கும். "ரேடியோல பேசுற புள்ளைதானே, படிச்சுச் சொல்லு" என்று மாமா காகிதத்தை நீட்டினார். அவர் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான குழாய்ப் படங்கள் இருந்தன. எந்த வீடு, எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். கோப்பு பாதி நிறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். வரும் வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பேனா உங்களுடையது, அனுபவம் அவருடையது.