ஹாலிவுட் தவளை முதல் பரங்கிமலை வரை

வினாடி வினா மேடையில் எல்லாமே சில நொடிகள்தான். கேள்வி விழும், மணி அடிக்கும், யாரோ ஒருவர் விடை சொல்வார், கைதட்டல் அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். ஆனால் அந்தக் கேள்வி உருவான அறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் வெளியே வர மனசே வராது!

கேள்வி எழுதுகிற நாங்கள் முதலில் தேடிப் பிடிப்பது விடையைத்தான். விடை சிக்கியதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அதன் முதுகுப் பக்கம் ஒரு கதவு இருக்கிறதா? அதைத் தள்ளினால் வேறொரு துறை தெரிகிறதா? சினிமாவில் ஆரம்பித்தது காட்டுக்குள் போகிறதா, பாட்டில் ஆரம்பித்தது வரைபடத்தில் முடிகிறதா? அப்படியொரு கதவு அகப்பட்டால் அன்றைக்குத் தூக்கம் போச்சு! விஜய் டிவியில் ஜெகன் நடத்திய ‘கனெக்‌ஷன்’ நிகழ்ச்சியை வாய் பிளந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பரபரப்பு நன்றாகவே புரியும்.

இன்று திரையை முழுசாக விலக்குகிறேன். ஒரு தவளையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவோம். எங்கே போய் நிற்கிறோம் என்று பாருங்கள்.

தப்பான காட்டில் சரியான சத்தம்

முதல் கேள்வி. ஹாலிவுட்டின் பழைய படங்களில் கதை எந்த நாட்டுக் காட்டில் நடந்தாலும், இரவானால் அதே தவளைதான் ‘ரிப்பிட், ரிப்பிட்’ என்று கத்தும். ஏன்?

விடை ஸ்டூடியோவின் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. பசிபிக் மரத்தவளை என்று ஒரு குட்டி ஜீவன், ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. கலிஃபோர்னியா உள்ளிட்ட அமெரிக்க மேற்குக் கரைதான் அதன் சொந்த ஊர். ஒலிப்பதிவாளர்களுக்குத் தவளைச் சத்தம் வேண்டும், பக்கத்துக் குட்டையில் இது கத்திக்கொண்டிருந்தது, பதிவு செய்தார்கள். அவ்வளவுதான்! தவளைகளில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு, பெரும்பாலானவற்றுக்குத் தனிக் குரல் உண்டு. ஆனால் ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரே காரணத்தால், உலகத் தவளைகள் அனைத்துக்கும் இந்தச் சின்னஞ்சிறு உயிர் பின்னணிக் குரல் கொடுத்துவிட்டது.

தவளையைத் தொடர்ந்து காட்டுக்குள் நுழைந்தால் இன்னும் வேடிக்கை. டார்ஜான் படங்களின் கதை நடப்பது ஆப்பிரிக்காவில். ஆனால் அந்தக் காட்டின் உச்சியிலிருந்து பெரிய சிரிப்புப்போலக் கேட்குமே, அது கூகபரா என்ற பறவையின் குரல். கூகபராவுக்குத் தாய்நாடு ஆஸ்திரேலியா! ஆப்பிரிக்காவின் பக்கமே வராத பறவை அது. மீன்கொத்திக் குடும்பத்திலேயே உடம்பில் பெரியது. நம் ஊர்க் குளக்கரையில் நீல முதுகோடு உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்திக்கு உறவு.

அதே டார்ஜான் படங்களில் யானைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆப்பிரிக்க யானைகளைப் பழக்குவது கடினம் என்பதால் ஆசிய யானைகளைக் கொண்டுவந்து, ஆப்பிரிக்க யானைபோலத் தெரிய வேண்டும் என்று பெரிய காதுகளை ஒட்டிவிட்டார்கள். ஒட்டுக் காது வைத்த யானை, ஆஸ்திரேலியப் பறவையின் சிரிப்பு, நடுவில் மரத்துக்கு மரம் தாவும் நாயகன். அந்த நாயகன் ஜானி வெய்ஸ்முல்லர், 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் நீச்சலில் ஐந்து தங்கம் வென்றவர். ஒரே ஒரு படக்காட்சிக்குள் புவியியல், விலங்கியல், விளையாட்டு, சினிமா! இப்படி ஒரு காட்சி கிடைத்தால் கேள்வி எழுதுகிறவருக்குத் தீபாவளிதான்.

இதோ இன்னொன்று. அமெரிக்காவின் பெருமைச் சின்னம் வெண்தலைக் கழுகு. 1782 முதல் அந்நாட்டு முத்திரையில் இருக்கிறது. சட்டப்படி தேசியப் பறவை ஆனதோ 2024 டிசம்பரில்தான். திரையில் அது சிறகை விரித்ததும் நெஞ்சைக் கீறும் ஒரு வீரக் கூவல் கேட்கும். அந்தக் குரல் பெரும்பாலும் செவ்வால் பருந்தினுடையது. கழுகின் நிஜக் குரல் மெல்லிசாக, கீச்சுக் கீச்சென்று இருக்கும். கம்பீரமான உடம்புக்கு அது பொருந்தவில்லை என்று சினிமா வேறொரு பறவையை டப்பிங்குக்கு அழைத்துவிட்டது!

டைனோசரின் தொண்டைக்குள்

குரல் இருக்கிற விலங்குக்கே டப்பிங் என்றால், யாருமே கேட்டிராத விலங்குக்கு என்ன செய்வது? 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் முன்னால் இருந்த சவால் அதுதான். டி.ரெக்ஸின் அந்தக் கர்ஜனையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டி யானையின் பிளிறல், ஒரு புலியின் உறுமல், ஒரு முதலையின் அடித்தொண்டைச் சத்தம். தியேட்டரையே நடுங்கவைத்த குரலுக்குள் ஒரு யானைக் குட்டி!

வெலாசிராப்டர்கள் ஒன்றையொன்று கூப்பிடும் ஒலி இதைவிட அற்புதம். அது இணைசேரும் ஆமைகளின் சத்தம். உலகின் வேகமான வேட்டைக்காரனாகக் காட்டப்பட்ட மிருகத்துக்கு, மிக மெதுவான பிராணி குரல் கொடுத்திருக்கிறது. படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கர் விருதுகளில் இரண்டு ஒலிக்கானவை என்பதில் ஆச்சரியம் உண்டா?

இதைக் கேள்வியாக்கும்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். விடை தெரியாதவரும் யோசித்து எட்டிப் பிடிக்க வழி இருக்க வேண்டும். ‘ராப்டர் குரலுக்கு எந்தப் பிராணி?’ என்று மொட்டையாகக் கேட்டால் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் விழிப்பார். ‘திரையில் மின்னலாய்ப் பாயும் இந்த மிருகத்துக்குக் குரல் கொடுத்தது, பந்தயக் கதை ஒன்றில் முயலிடம் சவால் விட்ட பிராணி’ என்று கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக் குழந்தையின் கை சட்டென்று மேலே போகும். அந்தக் கை உயர்வதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்!

முலாம்பழத்திலிருந்து பிரேசிலுக்கு

சத்தத்துக்கு விலங்கு மட்டும் போதாது, காய்கறிக் கடையும் வேண்டும். காலடிச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாவற்றையும் படம் ஓட ஓட உருவாக்கும் கலைக்கு ஜாக் ஃபோலி என்பவரின் பெயரையே வைத்துவிட்டார்கள். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. பனியில் நடக்கும் ‘சரக் சரக்’ ஒலிக்குச் சோளமாவு. எலும்பு முறிய செலரித் தண்டு. 1960-இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் அந்தக் குளியலறைக் கொலை நினைவிருக்கிறதா? கத்திக் குத்து கேட்பதற்காகக் குத்தப்பட்டது முலாம்பழம். வழிந்தோடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம், யாருக்குத் தெரியப் போகிறது!

இங்கேதான் இசைக்குள் போகும் கதவு. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் காட்டியதைக் கேட்டதும் மனம் மாறினார். மொத்தப் படத்துக்கும் ஹெர்மன் பயன்படுத்தியது தந்திக் கருவிகளை மட்டுமே. அந்த வயலின்களின் கிறீச்சிடல்தான் உலகத்தின் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்தது.

சரி, வயலின் வில் எந்த மரம்? பெர்னம்பூகோ! பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு உயர்தர வில்களுக்கு அந்த மரம்தான். வளைந்து கொடுக்கும், உடனே நிமிரும். சிவப்புச் சாயத்துக்காகப் போர்த்துக்கீசியர் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனதும் அதே மரத்தைத்தான். அந்த மரத்தின் பெயர் ஒரு நாட்டுக்கே ஒட்டிக்கொண்டது: பிரேசில்! முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இன்றும் நம் கச்சேரி மேடையில் ஒரு நல்ல வில் உரசினால், அதில் பிரேசில் காட்டின் ஒரு துண்டு பேசலாம். அழியும் நிலைக்கு வந்துவிட்ட மரம் அது. அதன் வணிகத்தின்மீது உலக நாடுகள் 2007 முதல் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

எவரெஸ்ட்டை அளக்கப் பரங்கிமலையில் பிள்ளையார் சுழி

மரத்தின் பெயரில் நாடு உண்டு என்றால், தன் பெயரை வைக்க வேண்டாம் என்று சொன்ன மனிதரின் பெயரில் மலை உண்டா? உண்டு. ஜார்ஜ் எவரெஸ்ட் இந்திய நில அளவைத் தலைவராக இருந்து 1843-இல் ஓய்வு பெற்றவர். சிகரத்துக்குத் தன் பெயர் வைப்பதை அவரே எதிர்த்தார். உள்ளூர் மக்களால் அதை உச்சரிக்க முடியாது என்றார். யாரும் கேட்கவில்லை!

எவரெஸ்ட் தலைமை தாங்கிய அந்த அளவைப் பணி தொடங்கிய இடம் நம் பரங்கிமலை அடிவாரம். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அங்கே சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அந்த ஒரு கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டே போனதில்தான் துணைக்கண்டமே அளவுக்குள் வந்தது.

காவிரிப் படுகையில் லாம்ப்டனுக்கு ஒரு சிக்கல். எங்கு பார்த்தாலும் தட்டைச் சமவெளி, கண்ணை மறைக்கும் தென்னந்தோப்பு, மருந்துக்கும் குன்று கிடையாது. என்ன செய்தார்? கோயில் கோபுரங்களில் ஏறினார்! 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கு, கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. லாம்ப்டன் அதோடு கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, கருவியின் நெளிந்துபோன வட்டத்தைப் பல வாரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்தினார். ராஜராஜன் கட்டிய விமானமும் இமயத்தின் உயரமும் ஒரே கதையில் வருகின்றன, பார்த்தீர்களா!

நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாததால், நூறு மைலுக்கும் அப்பாலிருந்து எடுத்த கோணங்களை வைத்து, பிறகு எவரெஸ்ட் என்று பெயர் பெற்ற ‘பதினைந்தாம் சிகரம்’ கணக்கிடப்பட்டது. கணக்குப் போட்டவர் வங்காளத்து ராதாநாத் சிக்தர். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்பது மீட்டர்தான். மெய்சிலிர்க்கிறது!

கேள்வி எழுதுகிறவர் இந்த இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘உலகின் உயரமான மலை எது?’ என்று மட்டும் எழுதினால் அரங்கில் சண்டை நிச்சயம். கடல் மட்டத்திலிருந்து என்றால் எவரெஸ்ட். கடலுக்கடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து என்றால் ஹவாய்த் தீவின் மௌனா கேயா, பத்தாயிரம் மீட்டருக்கும் மேல். பூமியின் மையத்திலிருந்து என்றால் ஈக்வடாரின் சிம்போராசோ. பூமி நடுவில் புடைத்திருப்பதால் அதன் உச்சி எவரெஸ்ட்டைவிட மையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் அதிகத் தூரத்தில் இருக்கிறது. பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் லாம்ப்டனின் ஆசைகளில் ஒன்று என்பது இதற்கெல்லாம் மகுடம். எதிலிருந்து அளக்கிறோம் என்று கேட்கத் தெரிந்தவருக்கு ஒரே கேள்வியில் மூன்று மலை பரிசு!

பாட்டில்லாத படம், பாடும் திமிங்கிலம்

பரங்கிமலையிலிருந்து கொஞ்ச தூரம் வந்தால் வடபழனி, ஏவி.எம். ஸ்டூடியோ. 1954-இல் ‘அந்த நாள்’ வெளிவந்தது. சிவாஜி கணேசன் நடித்தும் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இதை வைத்து எழுதிய கேள்வி எனக்கு மிகவும் பிரியமானது: ‘ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுத்த இந்த இயக்குநர், ஓர் இசைக்கருவியையே தன் பெயருக்கு முன்னால் சுமந்து உலகப் புகழ் பெற்றார். யார்?’ அரங்கம் ஒரு நொடி திகைக்கும். அப்புறம் ஒரே கூச்சல்: வீணை எஸ். பாலசந்தர்!

இசை எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், விண்மீன்களுக்கு நடுவே வரை. 1977-இல் கிளம்பிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு இருக்கிறது. அதில் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரின் பைரவி இருக்கிறது, பீத்தோவன் இருக்கிறார், சக் பெர்ரியின் கிதார் இருக்கிறது. கூடவே கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டும்! திமிங்கில ஆய்வாளர் ராஜர் பெய்ன் 1970-இல் வெளியிட்ட திமிங்கிலப் பாட்டுத் தொகுப்பு மனிதர்களின் மனசையே மாற்றி, திமிங்கில வேட்டைக்கு எதிரான குரலை வலுப்படுத்தியது. 1979-இல் ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழ் அந்தப் பாட்டைத் தட்டாக்கி ஒரு கோடிக்கும் மேலான பிரதிகள் அச்சிட்டு வாசகர்களுக்கு அனுப்பியது. 1986-இல் வந்த நான்காவது ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில், பூமியைத் தேடி வரும் வேற்றுலகக் கலம் கேட்பதும் அதே இனத் திமிங்கிலத்தின் பாட்டைத்தான்.

பொது அறிவு என்றால் தனித்தனித் தகவல்களை மனப்பாடம் செய்வது என்று குழந்தைகளிடம் சொல்லிவிடாதீர்கள். ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அதைப் பின்தொடர்ந்து ஓடும் கால்தான் அறிவு. விடை சொன்னதும் மதிப்பெண்ணை எழுதிவிட்டு உட்காராமல், ‘அப்புறம்?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்று இரவே வீட்டில் இதைக் கேட்டுப் பாருங்கள்: தமிழ்நாட்டின் மாநிலப் பழத்தைத் தரும் மரமே வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடம்பாகிறது. எந்த மரம்? பலா என்று யாராவது கத்தியதும் விட்டுவிடாதீர்கள். ஏன் பலா, எந்த ஊர்ப் பலா, யார் கடைகிறார்கள்? கேட்டுக்கொண்டே போங்கள்!